எங்கே போகிறாய் என்று கேட்காதவள்

யாங்கோனுக்கு வந்த புதிதில் மாடிப்படி இறங்குவதென்றாலே எனக்கு எரிச்சல். நாங்கள் இருப்பது போட்டாதாங் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கூடையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்குவதற்குள் நான்கு பேராவது எதிர்ப்பட்டு, சிரித்த முகத்துடன் "பே த்வா மலே?" என்று கேட்டுவிடுவார்கள். எங்கே போகிறாய் என்று அர்த்தம். நான் திருப்பூர்க்காரி. வெளியே கிளம்புகிறவளை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்குவார். அந்த வழக்கப்படி நானும் ஐந்து மாடி ஏறி ஏறித் தண்ணீர் குடித்ததில், முதல் வாரம் இரண்டு நாள் காய்கறி வாங்காமலே சமையல் முடிந்தது. என் கணவர்தான் விளக்கினார். இவர் லைங் தாயாவில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவை நிர்வகிப்பவர். என்னைவிட இரண்டு வருடம் முன்னால் இங்கே வந்தவர். இது கேள்வியே இல்லை, நம் ஊர் 'சாப்பிட்டாச்சா' மாதிரி ஒரு விசாரிப்பு, "டீ நாலே பே" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இரு என்றார். இங்கே பக்கத்தில்தான் என்று பொருள். விமான நிலையத்துக்குப் போகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது எங்கள் படிக்கட்டில் யாரும் யாரையும் எங்கே என்று கேட்பதில்லை. வயசுப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற பட்டியலைப் பற்றிய பயம் வந்த பிறகு, ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போக ஆரம்பித்த பிறகு, அந்தக் கேள்வியே எல்லோர் வாயிலிருந்தும் உதிர்ந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்லவேண்டும். பதில் தெரிந்துவிட்டால் நாளைக்கு வேறு யாராவது வந்து நம்மிடம் கேட்பார்கள். ஊரே திருப்பூராகிவிட்டது என்று ஒருநாள் என் கணவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் யொருபா மொழி படிக்கிறேன் என்று சொன்னால் திருப்பூரில் என் அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறான். பர்மியமே இன்னும் ஒழுங்காகப் பேச வரவில்லை, அதற்குள் ஆப்பிரிக்க மொழி எதற்கு என்கிறான். அவன் மறந்துவிட்டான், என்னால் முழுதாக மறக்க முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பெற்றோர் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். நைஜீரியாவின் மேற்குப் பகுதியில், இபாதான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கணக்கும் வேதியியலும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஈயா தாயோ என்று பெயர். தாயோவின் அம்மா என்று பொருள். அங்கே பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரால்தான் அழைப்பார்கள். அவர் என்னை ஒரு துணியால் முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார். அந்த முதுகின் சூடும், அவர் பேசும்போது அது என் கன்னத்தில் அதிர்ந்ததும் நினைவிருக்கிறது. பேசிய சொற்கள்தாம் நினைவில்லை. எனக்கு ஏழு வயதானபோது ஊர் திரும்பினோம். வந்த வாரமே ஒரு கல்யாண மண்டபத்தில், பெரிய மாமாவைப் பார்த்ததும் இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றி வணக்கம் சொன்னேன். யொருபாப் பெண்குழந்தைகள் பெரியவர்களை அப்படித்தான் வணங்குவார்கள். மண்டபமே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய். ஒரு வருடத்தில் அந்த மொழி என்னைவிட்டுப் போய்விட்டது.

நாற்பத்தாறாவது வயதில், பிள்ளைகள் கோயம்புத்தூரில் விடுதியில் இருக்க, பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தபோதுதான், அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று யொருபா மொழியும் பண்பாடும் என்று இணையவழிச் சான்றிதழ் வகுப்பு நடத்துவது கண்ணில் பட்டது. விண்ணப்பித்தேன். அங்கே காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. இங்கே மதியம் இரண்டரை. நேரம் வசதிதான். ஆனால் கரண்ட் இருந்தால் இணையம் இருக்காது, இணையம் இருந்தால் கரண்ட் இருக்காது. மின்சாரம் வந்ததும் தெருவே "மீ லா பீ", கரண்ட் வந்தாச்சு, என்று கூவும். அந்தக் கூச்சல் கேட்டதும் அரிசியை ஏற்றுவதா, தண்ணீர் மோட்டாரைப் போடுவதா, வகுப்பில் உட்காருவதா என்று கைகால் ஓடாது. இந்தச் சிக்கலைத் தீர்த்துவைக்க வந்தவள்தான் ரூத்.

ரூத் மூன்றாம் மாடி மேரி அக்காவின் ஒரே மகள். மேரி அக்காவின் தாத்தா மிஷன் பள்ளியில் படித்துக் குமாஸ்தாவானவர், அப்பாவும் குமாஸ்தா, அக்கா ஆற்றங்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். கணவர் இல்லை. அக்கா பேசும் தமிழில் எங்கள் ஊரில் வழக்கொழிந்த சொற்களெல்லாம் நன்றாக இருக்கின்றன. நடுநடுவே பர்மியச் சொற்கள் எட்டிப் பார்க்கும். ரூத்துக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். இருபத்திரண்டு வயது. கல்லூரி பாதியில் நின்றுபோய், இன்சீனில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் போய் வருவாள். என் போனில் விபிஎன் போட்டுக்கொடுக்க வந்தவள், வகுப்பு தொடங்கியதும் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேதான் எனக்கு முதல் அவமானம். யொருபாவில் ஒரே எழுத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று சுருதியில் சொல்லவேண்டும். என் தமிழ் நாக்கு எல்லாவற்றையும் சப்பாத்தி மாவு மாதிரி ஒரே மட்டமாகத் தேய்த்தது. பர்மியமும் சுருதி பார்க்கிற மொழி. ரூத் முதல் நாளே பிடித்துக்கொண்டாள். ஆசிரியர் அடேவாலே, ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பணம் கட்டியது யார், படிப்பது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த நாட்டில் பிறந்தவள் நான். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரத்தில் அவளுக்கு விடுமுறை கிடைத்து என்னோடு வகுப்பில் உட்காரும் இரண்டு நாட்களுக்காகவே மற்ற ஐந்து நாட்களைத் தள்ளினேன் என்பதும் உண்மை.

மூன்றாவது மாதம் வணக்கங்கள் பற்றிய பாடம் வந்தது. யொருபாக்காரர்களுக்குப் பொதுவான வணக்கம் போதாது. எதிரில் இருப்பவர் என்ன நிலையில் இருக்கிறாரோ அதைப் பார்த்து, அந்த நிலையின் பெயரைச் சொல்லி வாழ்த்தவேண்டும். வேலை செய்கிறவருக்கு "எ கூ இஷே". சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, வெயிலில் வாடுகிறவருக்கு ஒன்று, துக்கத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு ஒன்று. ஒருவரை வாழ்த்தவேண்டுமென்றால் முதலில் அவரை நன்றாகப் பார்க்கவேண்டும் என்றார் அடேவாலே. வீட்டுப்பாடமும் அதுதான்: இரண்டு வாரம் உங்கள் ஊர் மனிதர்களைப் பார்த்து, ஒவ்வொருவருடைய நிலையையும் எழுதி, அதற்கேற்ற வணக்கத்தைச் சொல்லிப் பழகுங்கள். ரூத்துக்கு இது விளையாட்டாகிவிட்டது. எங்கள் கட்டடத்தில் எல்லா பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். நுனியில் ஒரு கிளிப்பும் மணியும் இருக்கும். கீழே வருகிற பேப்பர்காரரும் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறவரும் பொருளை அதில் மாட்டி மணியை ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்ளலாம். ரூத் தன் பால்கனியை ஒட்டி இறங்கும் என் கயிற்றை இழுத்து, அதில் எனக்குச் சீட்டு அனுப்ப ஆரம்பித்தாள். தண்ணீர்க் கேனை மாடிக்குத் தூக்குகிறவருக்கு ஒரு வணக்கம், கரண்டுக்காகக் காத்திருப்பவருக்கு ஒரு வணக்கம் என்று அவளாகவே கட்டிய வணக்கங்கள் பர்மிய எழுத்தில் மேலே வரும். பல தப்பாகத்தான் இருக்கும். அடேவாலேவுக்கு அவை ரொம்பப் பிடித்திருந்தன.

அந்த இரண்டாவது வாரத்தில் ஒருநாள் காலை ஏழு மணி இருக்கும். நான் பால் வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தேன். ரூத் இறங்கி வந்தாள். வழக்கமான கைப்பையோடு தோளில் இன்னொரு பை. காலில் செருப்புக்குப் பதில் ஷூ. என்னைக் கண்டதும் நின்றாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், பையைக் கீழே வைக்காமலே, இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றி, தலையைக் குனிந்து, "எ காரோ, ஆண்ட்டி" என்றாள். காலை வணக்கம். சுருதி சுத்தமாக இருந்தது. நான் வீட்டுப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன். சிரித்தேன். முட்டியில் அழுக்குப் படப்போகிறது, எழுந்திரு என்று சொன்னேன். அவள் உடனே எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகு, ஒருநாளும் என்னிடம் தமிழ் பேசாதவள், "வரேன் ஆண்ட்டி" என்று தமிழில் சொன்னாள். போகிறேன் என்று எங்கள் ஊரில் சொல்லமாட்டோம், வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று ஒருமுறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மறக்காமல் வைத்திருக்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. ஷூவையும் பையையும் பார்த்து எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கிளம்புகிற பிள்ளையை எதற்குக் கேட்பானேன் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

பர்மாவில் நெடும்பயணம் போகிறவர்கள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்கள். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலை நேரத்தில் என் மண்டைக்குள் இருந்தது ஏழு வயதுக் கல்யாண மண்டபமும் அடேவாலேவின் வீட்டுப்பாடமும்தான். ஒருவரை வாழ்த்துவதற்கு முன் நன்றாகப் பார்க்கவேண்டும் என்று இரண்டு வாரம் பாடம் படித்தவள், கண்ணெதிரே நின்ற பெண்ணைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ரூத் வீடு திரும்பவில்லை. தலையணைக்கடியில் அம்மாவுக்கு இரண்டு வரி பர்மியத்தில் எழுதி வைத்திருந்தாள்: மேமே, கவலைப்படாதே, தேடாதே. போன் அணைந்திருந்தது. எல்லையில் சண்டை போடுகிறவர்களோடு சேரப் போனாளா, எல்லை தாண்டி வேலைக்குப் போனாளா, வேறு எங்காவதா, யாருக்கும் தெரியாது. புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் அவள் இல்லை என்பதை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கடையில் விசாரித்தால் கடைக்காரருக்கு வம்பு. தேவாலயத்தில் பெயர் சொல்லாமல் ஜெபித்தார்கள். மேரி அக்கா அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சந்தைக்குப் போய் வந்தார். யாராவது பார்த்தால் "யாபாதே" என்று சிரித்தார். பரவாயில்லை, சமாளிக்கலாம் என்று பொருள். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக அவளைப் பார்த்தவள் நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, நாளைக்கே கிளம்பலாம். அந்த நினைப்போடு அக்காவின் வாசலை வேகவேகமாகக் கடந்தேன்.

பத்து நாள் கழித்து வகுப்பில் அடேவாலே கேட்டார், அந்தப் பெண் எங்கே என்று. பயணம் போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவாள்? தெரியாது. அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, வரவேண்டிய ஒருவரை எதிர்பார்த்து வீட்டில் இருப்பவருக்கும் எங்களிடம் ஒரு வணக்கம் உண்டு என்றார். "எ கூ ஓஜு லோனா." கண்ணை வழியில் வைத்திருப்பவருக்கு வணக்கம். வழிமேல் விழி வைத்து என்று நாம் சொல்வதும் இதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன். நான் திருப்பிச் சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "என்னிடம் சொல்லாதீர்கள். ஈயா ரூத்திடம் போய்ச் சொல்லுங்கள்." அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

ஈயா ரூத். ரூத்தின் அம்மா. மேரி அக்காவுக்கு அப்படி ஒரு பெயர் இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. இரண்டு மாடி இறங்கிப் போனேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வணக்கத்தைச் சொன்னேன், சுருதி தப்பிப் போயிருக்கும். பொருளையும் சொன்னேன். அந்த ஊரில் உங்களை ஈயா ரூத் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னேன். அக்கா அந்தப் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்குக் காலைல நான் அவளைப் பார்த்தேனுங்க. படியில முட்டி போட்டுக் கும்பிட்டா. நான் பாடம் பழகுறான்னு நெனச்சு சிரிச்சுட்டேன்."

மொச்சை உரிக்கிற கை நின்றது. "எங்க போறேன்னு கேக்கலையா நீ?"

"கேக்கலைங்க்கா. எங்க ஊர்ல கெளம்புறவங்களைக் கேக்கமாட்டோம்."

"தெரியும். எங்க அப்பாவும் கேக்க வுடமாட்டாரு." ஜன்னல் வழியே கீழே தெருவைப் பார்த்தார். "நீ கேட்டிருந்தா அவ பொய்தான் சொல்லியிருப்பா, வசந்தி. அந்தப் பொய்யாச்சும் இப்ப எங்கிட்ட இருந்திருக்கும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ நாலே பே, இங்கே பக்கத்தில்தான் ஆண்ட்டி என்று அவள் சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்லியிருக்கப் போகிறாள்? அந்த வார்த்தை இருந்தால் அக்கா அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருந்திருப்பார். அதையும் நான் வாங்கி வைக்கவில்லை.

மூன்று வாரம் அக்கா வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் காலை என் பால்கனிக் கயிற்றின் மணி அடித்தது. இழுத்தேன். கிளிப்பில் ரூத்தின் வகுப்பு நோட்டு இருந்தது. எட்டிப் பார்த்தேன், மூன்றாம் மாடி பால்கனியில் யாரும் இல்லை. நோட்டில் பக்கம் பக்கமாக வணக்கங்கள். கடைசியாக எழுதிய பக்கத்தில் அடுத்த பாடத்தின் தலைப்பை மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்: விடைபெறுதல். கீழே ஒன்றும் இல்லை. நான் அந்தப் பக்கத்தை எத்தனை முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பேனோ தெரியாது. வெறும் கோடுகள்தான்.

வாய்மொழித் தேர்வு இருவராகச் செய்யவேண்டியது; ஒருவர் பயணத்திலிருந்து வருகிறவர், மற்றவர் வீட்டில் இருப்பவர். பணம் கட்டாவிட்டாலும் ரூத்தையே எனக்கு ஜோடியாகப் போட்டிருந்த அடேவாலே, இப்போது வேறு ஜோடி தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். என் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு மறுபடி பதிந்திருக்கிறேன். படிப்பதற்கா, ரூத் உட்காரும் அந்த நாற்காலியை எடுக்காமல் வைத்திருப்பதற்கா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

மேரி அக்காவின் கதவு இப்போது காலை முழுக்கத் திறந்தே இருக்கிறது. யார் படியிறங்கினாலும் அக்கா வாசலுக்கு வந்துவிடுகிறார். "பே த்வா மலே?" கட்டடத்தில் வேறு யாரும் கேட்காத கேள்வி. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு முனகிவிட்டுப் போகிறார்கள்; சிலர் அவர் உள்ளே போகட்டும் என்று மேலேயே நிற்கிறார்கள். என்னைத் தமிழில் கேட்பார். "எங்க போற, வசந்தி?" நான் டீ நாலே பே என்று சொல்வதில்லை. எந்தத் தெரு, எந்தக் கடை, என்ன வாங்க, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எல்லாவற்றையும் நின்று சொல்கிறேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். திரும்பி ஏறும்போது வந்துவிட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன். என்னால் அவருக்குச் செய்யமுடிந்தது இவ்வளவுதான். இது ஒன்றுமே இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்ற மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் திருப்பூர் போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் தலைவலி மாத்திரை வாங்கக் கிளம்பினேன். கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், மறுபடி பூவைக் கட்டினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை அது. நான் வளர்ந்த மரியாதை. கேட்டைத் திறந்தேன். கால் நகரவில்லை. இடுப்பில் சாவியைக் காணாதவள் மாதிரி அங்கேயே நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி பூவை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அண்ணி, முக்குல இருக்குற மருந்துக்கடைக்குப் போறேன். தலைவலி மாத்திரை வாங்கணும். பத்து நிமிஷத்துல வந்துருவேன்" என்றேன். குரல் ஏன் அப்படி உடைந்ததோ தெரியவில்லை.

அண்ணி பதறிப்போனாள். "அய்யோ, நான் கேக்கவே இல்லீங்களே" என்றாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, குடிங்க என்று ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள்.